புள்ளித்தாளும் தோன்றா எழுவாயும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக என மலர்க்குழுவினர் எம்மைப் பணித்தபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் அவர்கள் எதிர்பார்த்தது இலக்கிய ஆராய்ச்சியாகவோ இலக்கண விளக்கமாகவோ இருந்திருத்தல் கூடும். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ கூடைப்பந்தாட்டத்திலே மேசையருகிலிருந்து எழுதப்படும் புள்ளித்தாள். பந்தெறிந்து பழகாத தமிழாசிரியருக்கும் புள்ளித்தாளுக்கும் என்ன உறவு என அன்பர்கள் வினவலாம். உறவு உண்டு. கையெழுத்துத் தெளிவாயிருப்பது தமிழாசிரியருக்கே என்னும் நம்பிக்கை ஒன்று பாடசாலைகளில் நெடுங்காலமாக நிலவுகின்றது. அந்நம்பிக்கையின் பயனாக, மைதானத்தின் ஓரத்திலே மேசையொன்றும் பேனாவொன்றும் எமக்குத் தரப்பட, பல மாலைப்பொழுதுகளை யாம் அங்குக் கழித்துள்ளோம். அங்ஙனம் எழுதிய தாள்களுள் ஒன்று இன்றும் எம் நெஞ்சை உறுத்துகின்றது. அவ்வுறுத்தலே இக்கட்டுரைக்குக் காரணம்.

யாம் கூற விழைவது ஒன்றே. எண்ணப்படுவது போற்றப்படுகின்றது, எண்ணப்படாதது எத்துணைப் பெரிதாயினும் மறக்கப்படுகின்றது. ஆதலின், எதனை எண்ணுவது என முடிவு செய்வோர், யாரைப் போற்றுவது என்பதனையும் அறிந்தோ அறியாமலோ முடிவு செய்துவிடுகின்றனர். பழைய மாணவர்களும் ஆசிரியர்களும் இன்று பயிலும் மாணாக்கர்களும் இதனைச் சிறிது சிந்தித்தல் வேண்டும்.

கூடைப்பந்தாட்டம் பிறந்த வரலாற்றை முதலிற் கூறுதல் பொருத்தமுடைத்து. 1891ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஸ்பிறிங்பீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், குளிர்காலத்தில் வெளியே சென்று விளையாட இயலாத தம் மாணாக்கருக்காக இவ்வாட்டத்தை வகுத்தார். பழக்கூடைகள் இரண்டை மண்டபத்தின் இருபுறத்தும் உயரத்தில் அறைந்து, 13 விதிகளையும் எழுதி வைத்தார். பக்கத்துக்கு 9 பேராக ஆடிய முதலாட்டத்திலே கூடைக்குள் வீழ்ந்த பந்து ஒன்றே ஒன்று. அன்று கணக்குப் பார்க்கப் புள்ளித்தாள் வேண்டியிருக்கவில்லை; விரல் ஒன்றே போதியதாயிருந்தது. உலகெங்கும் ஆடப்பெறும் இவ்வாட்டம் ஆசிரியர் ஒருவரின் ஆக்கம் என்பதை எம் ஆசிரிய நண்பர்கள் பெருமையோடு நினைவிற் கொள்வாராக.

எழுபது ஆண்டுகள் கழிந்தன. ஆட்டம் தொழிலாயிற்று, எண்ணிக்கையும் பெருகிற்று. 1962ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்து ஹேர்ஷி என்னும் சிற்றூரிலே, பிலடெல்பியா வோரியர்ஸ் அணியும் நியூயோர்க் நிக்ஸ் அணியும் பொருதன. பார்த்திருந்தோர் 4,124 பேர். தொலைக்காட்சியினர் எவரும் அங்கு வரவில்லை. அன்றிரவு வோரியர்ஸ் அணியைச் சேர்ந்த வில்ற் சேம்பர்லேன் என்பார் தனியொருவராய் 100 புள்ளிகள் பெற்றார். அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தின் தேசிய சங்கத்திலே இன்றுவரை வேறெவரும் எட்டாத எண் அது. அவ்வாட்டத்தின் கணக்கை ஏற்றிருந்த ஹாவி பொலக் என்பவர் வெறுந்தாளொன்றில் '100' என எழுதிக் கொடுக்க, அதனை ஏந்தியவாறு சேம்பர்லேன் அமர்ந்திருக்கும் புகைப்படம் இன்றும் உலகெங்கும் காணப்படுகின்றது. அவ்விரவுக்கு இன்று சாட்சியாய் நிற்பவை அத்தகைய புகைப்படங்களும், இறுதிக்கால் ஆட்டத்தின் வானொலி ஒலிப்பதிவும், புள்ளித்தாளுமே.

அப்புள்ளித்தாளை மாணாக்கர் ஒருவர் தம் கைப்பேசித் திரையில் எமக்குக் காட்டினார். "நூறு, சேர்!" என்றார். முதல் வரியை மட்டும் காட்டிவிட்டுத் திரையை மூட முயன்றவரைத் தடுத்து, யாம் எஞ்சிய வரிகளையும் வாசித்தோம். செய்யுளின் முதலடியை மட்டும் படித்துப் பொருள் கூறுவாரைப் பொறுத்துக்கொள்ளாத பழக்கம் எமக்கு உண்டு.

சேம்பர்லேன் ஆட்டத்தின் 48 நிமிடமும் களத்தில் நின்றார். 63 முறை எறிந்து 36 முறை கூடையில் இட்டார். அவை 72 புள்ளிகள். எதிரணியினர் தவறிழைத்தபோது கிடைத்த தண்ட எறிகள் 32. அவற்றுள் 28ஐ இட்டார். ஆகக் கூட்டினால் 100. கால்பகுதிதோறும் அவர் பெற்றவை முறையே 23, 18, 28, 31. இவை முதல் வரி கூறுஞ் செய்தி.

இனிக் கீழே வருவோம். அதே அணியில் கை ரொஜர்ஸ் என்பார் பெற்ற புள்ளி 11 மட்டுமே. ஆயின், துணைவர் புள்ளி பெறுமாறு அவர் பந்தைக் கொடுத்த தடவைகள் 20 எனத் தாளிற் பதிவாகியுள்ளது. அல் அற்றில்ஸ் என்பார் எட்டு முறை எறிந்தார். எட்டும் கூடையில் வீழ்ந்தன. தண்ட எறி ஒன்று கிடைத்தது, அதுவும் வீழ்ந்தது. ஆக 17 புள்ளி, தவறியது ஒன்றுமில்லை. அன்றிரவு ஒரு குறையுமின்றி எறிந்த அம்மனிதரைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அவரே பின்னர்ப் பயிற்றுநராகி, 1975ஆம் ஆண்டில் அவ்வணியின் வழிவந்த கோல்டன் ஸ்ரேற் வோரியர்ஸை வாகை சூடச்செய்தார் என்பதைக் கூறினால் வியப்பாகத் தோன்றலாம். அணிக்கு அன்று கிடைத்த மொத்தப் புள்ளி 169, எதிரணிக்கு 147. சேம்பர்லேனின் நூற்றைக் கழித்தால் எஞ்சுவது 69. வெற்றியின் வேறுபாடு 22. அந்த 69 இன்றி நூறு வெற்றியாகாது. அந்தக் கொடுப்புகள் இன்றி நூறு நூறாகாது.

இதனாற் சேம்பர்லேனின் பெருமையை யாம் குறைத்தோமல்லேம். தாளை முழுவதும் வாசித்தல் வேண்டும் என்றே கூறினோம். தாளில் எழுதப்பட்டும் வாசிக்கப்படாதவர்களின் நிலை இஃது. தாளில் எழுதவே படாதவர்களின் நிலை இதனினும் வருந்தத்தக்கது.

அதே ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாட்டப் பருவம் முழுவதும் ஆட்டமொன்றுக்குச் சராசரி 50.4 புள்ளி பெற்றவர் சேம்பர்லேன். எனினும், அவ்வாண்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யாவர் என வீரர்களே வாக்களித்துத் தெரிவு செய்தபோது, அவர்கள் தெரிந்தெடுத்தது அவரையன்று. பொஸ்ரன் செல்ற்றிக்ஸ் அணியின் பில் ரசலையே. ரசல் தம் ஆட்ட வாழ்வில் பெற்ற சராசரிப் புள்ளி 15.1 மாத்திரமே. புள்ளித்தாளை மட்டும் நோக்குவோர்க்கு இத்தெரிவு விளங்காது. உடன் பொருதியவர்க்கு விளங்கிற்று. எதிராளி எறிய எழும்போது எங்கிருந்தோ ஒரு கை உயர்ந்து பந்தைத் தட்டிவிடும்; அக்கை தம்மை நோக்கி வருமோ என்னும் அச்சத்தாலேயே எத்தனையோ பேர் எறியாது தயங்குவர். அவ்வாண்டுக் கிழக்குப் பிரிவின் இறுதித் தொடரிலே சேம்பர்லேனின் அணியை ரசலின் அணி ஏழாவது ஆட்டத்தில் 109–107 என வென்றது. பின்னர் வாகையும் சூடிற்று. ரசல் ஆடிய 13 பருவங்களில் அவரது அணி 11 முறை வாகை சூடியது.

கூடையிற் பட்டுத் திரும்பிய பந்துகளில் அவர் மீட்டெடுத்தவை 21,620 என எண் உண்டு. ஆனால், அவரது தனிச்சிறப்பாகிய தடுத்த எறிகள் எத்தனை? அதற்கு எண் இல்லை. ஏனெனில், எறியைத் தடுப்பதையும் பந்தைப் பறிப்பதையும் அச்சங்கம் முறையாக எண்ணத் தொடங்கியது 1973–74ஆம் பருவத்திலேயே. ரசல் 1969இலேயே ஓய்வு பெற்றுவிட்டார். அவருடைய கை செய்ததை அவர் காலத்துத் தாள் கேட்கவில்லை. கேளாததைத் தாள் சொல்லவும் இல்லை. உடன் ஆடியோர் அளித்த வாக்கு ஒன்றே அக்குறையை ஓரளவு நிரப்பிற்று.

கடல்கடந்த நாட்டுச் செய்தி நமக்கேன் எனக் கருதுவோர்க்காக, நம் நாட்டுச் செய்தியொன்று கூறுவோம். கூடைப்பந்தின் தங்கை வலைப்பந்து. 1960ஆம் ஆண்டில், பல நாடுகளின் பிரதிநிதிகள் இலங்கையிலே கூடி வலைப்பந்தாட்டத்தின் விதிகளை ஒருமுகப்படுத்தினர் என்பது நமக்கு ஒரு பெருமை. யாழ்ப்பாணத்துப் புன்னாலைக்கட்டுவன் பகுதியிற் பிறந்த தர்ஜினி சிவலிங்கம் அவ்வாட்டத்தில் நம் நாட்டுக்குத் தேடித் தந்த புகழ் மற்றொரு பெருமை. 2019ஆம் ஆண்டு லிவர்பூல் நகரில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே அவர் இட்ட கோல்கள் 348. அத்தொடரில் ஆடிய எந்நாட்டு வீராங்கனையும் அத்தனை கோல்கள் இடவில்லை. ஆயின் இலங்கை அணி பெற்ற இடம் யாது? 16 நாடுகளுள் 15ஆவது.

இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து நோக்குக. உலகின் முதலிடத்துக் கோல் எண்ணும், ஈற்றயலிடத்து அணி எண்ணும் ஒரே அணியில் ஒரே தொடரில் நிகழ்ந்தன. தனியொருவரின் எண் அணியின் எண்ணாகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. மறுதலையாக, 2018ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த ஆசிய வாகைப் போட்டியின் இறுதியாட்டத்தில் இலங்கை சிங்கப்பூரை 69–50 என வென்றது. 2022இல் மீண்டும் அதே அணியை இறுதியாட்டத்தில் 63–53 என வென்றது. இவ்விரு வெற்றிகளிலும் தர்ஜினி ஆடினார். இவை அணியின் வெற்றிகள்.

வலைப்பந்தின் விதியை அறிந்தோர்க்கு இதன் காரணம் தெளிவாகும். அணிக்கு எழுவர். அவருள் வளையத்தை நோக்கி எறியும் உரிமை இருவர்க்கே உண்டு. எஞ்சிய ஐவரும் எத்துணைத் திறமையுடையவராயினும், ஆயுள் முழுவதும் ஆடினும், அவ்விடங்களில் நின்றவாறு ஒரு கோல்தானும் இட விதி இடங்கொடாது. பந்தை வைத்திருப்பவர் ஓடுதல் கூடாது. மூன்று விநாடிக்கு மேல் வைத்திருத்தலும் கூடாது. ஆகவே ஒவ்வொரு கோலும் பல கைகளைக் கடந்தே வளையத்தை அடைகின்றது. கோல் எண்ணிக்கையை மட்டும் பதியும் தாளிலே எழுவருள் ஐவருக்குப் பூச்சியமே நியதி.

எம் வகுப்பிலே ஒருநாள் வினவினோம்: "தர்ஜினியை அறிவீரோ?" எல்லாக் கைகளும் உயர்ந்தன. "அவருக்குப் பந்து கொடுத்தவர்களுள் ஒருவரின் பெயர் கூறுக." ஒரு கையும் உயரவில்லை. எமது கையும் உயர்ந்திராது என்பதை ஒப்புக்கொள்கின்றோம். அவரோடு ஆடியோருட் பெரும்பாலோர் சிங்களச் சகோதரியர். தெற்கிலும் மத்தியிலும் பிறந்தோர் கையிலிருந்து வடக்கில் பிறந்தவர் கைக்குப் பந்து சென்றது. அங்கிருந்து வளையத்துட் சென்றது. மூவினத்தாரும் ஒரே தெருவிற் கடை வைத்து வாழும் மாத்தளை நகரத்தார்க்கு இதன் பொருளை விரித்துரைத்தல் வேண்டா.

துடுப்பாட்டத்தின் கணக்கேடு இவ்வகையில் ஓரளவு நேர்மையுடையது. கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன் 2010ஆம் ஆண்டு ஜூலை 22ஆம் நாள் காலி மைதானத்தில் தம் 800ஆவது ரெஸ்ற் விக்கெற்றை வீழ்த்தியபோது, அவ்விக்கெற் தாளில் எழுதப்பட்ட முறையை நோக்குக: பிடி ஜயவர்தன, பந்து முரளிதரன். பந்தெறிந்தவர் பெயரோடு பிடித்தவர் பெயரும் அங்கே நிற்கின்றது. அவ்வாறு இவ்விருவர் பெயரும் ரெஸ்ற் கணக்கேட்டில் இணைந்து நிற்கும் தடவைகள் 77. இருவர் செயலை இருவர் பெயரிலும் எழுதிய அம்முறையை வகுத்தவர் யாவராயினும் அவர் வாழ்க.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும் மலையகத்தார்க்குப் புதிய செய்தியன்று. நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் தோட்டங்களிலிருந்து நடந்துவந்து கற்றவர்கள். தாயார் பறித்த கொழுந்து தராசில் ஏறியதையும், கணக்கப்பிள்ளை அதனைக் குறித்ததையும், குறித்த நிறைக்குக் குறைந்தால் 'அரைப்பேர்' விழுந்ததையும் அவர்கள் கண்ணாற் கண்டவர்கள். ஒருநாட் சம்பளத்துக்குப் 'பேர்' என்றே பெயர். எண் குறைந்தால் மனிதரின் பேரே பாதியாகிவிடும். தராசு பொய் சொல்வதில்லை என்றே கொள்வோம். எனினும், மலைச்சரிவின் செங்குத்தையும், அட்டைக்கடியையும், அன்றைய மழையையும், வழுக்கி வீழ்ந்த அயல்நிரைக்காரியைத் தூக்கிவிட்ட நேரத்தையும் தராசு நிறுப்பதில்லை. அது கொழுந்தை மட்டுமே அறியும். இத்தகைய தராசின் முன் தலைமுறை தலைமுறையாக நின்ற மக்களின் பிள்ளைகளாகிய நாம், நம் பிள்ளைகளை அதே தராசிலே நிறுக்கலாமோ?

இனி எம் நெஞ்சை உறுத்தும் அத்தாளின் கதையைக் கூறுவோம். யாம் முன்னர்ப் பணியாற்றிய வேறொரு பாடசாலையில் நிகழ்ந்தது அது. வலயமட்டக் கூடைப்பந்தாட்டப் போட்டியொன்றில் எம் மாணவர் அணி வென்றது. மேசையில் இருந்தவர் யாம். அடுத்த மட்டத்துக்குச் செல்லும் அணியைத் தெரிவு செய்வதற்காக யாம் எழுதிய தாள் கேட்கப்பட்டது, கொடுத்தோம். புள்ளி நிரலை மேலிருந்து கீழாக நோக்கினர். ஒரு மாணவனின் பெயருக்கு நேரே பூச்சியம் இருந்தது. தோட்டத்துப் பிள்ளை, மெலிந்த உடல், அதிகம் பேசாதவன். அவன் பெயர் நீக்கப்பட்டது. அவன் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தையும் கூறவில்லை. அணி மேற்சட்டையைத் துவைத்து மடித்து, மறுநாட் காலை எம் மேசைமேல் வைத்துவிட்டுச் சென்றான். அதன்பின் அவன் மைதானத்துக்கு வரவில்லை.

அடுத்த போட்டியில் எம் அணி தோற்றது. முதற்போட்டியில் மிகுதியான புள்ளி பெற்ற மாணவன் அன்று சில புள்ளிகளே பெற்றான். அவனைக் கடிந்துகொள்ள எண்ணி அருகே சென்றோம். அவன் தலைகுனிந்தவாறே கூறினான்: "அவன் இல்லாம எனக்குப் பந்தே வரல சேர்."

சில ஆண்டுகள் கழிந்து, மாத்தளைப் பேருந்து நிலையத்திலே அம்மெலிந்த பிள்ளையைக் கண்டோம். வளர்ந்திருந்தான்; கொழும்பிலே கடையொன்றில் வேலை என்றான். எம் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு பேருந்துவரை உடன் வந்தான். பழைய நாட்களைப் பற்றிப் பேசும்போது, அந்தப் போட்டியைப் பற்றி யாமே எடுத்தோம். அவன் சிரித்தான். "அன்னைக்கு பதினொரு தடவ நான் குடுத்த பந்து உள்ள போச்சு சேர். எனக்கு ஞாபகம் இருக்கு," என்றான். எம் தாளில் இல்லாத எண் அப்பிள்ளையின் நெஞ்சில் இருந்தது. ஒருவரும் கேளாத அக்கணக்கை அவன் அத்தனை ஆண்டுகளும் தனியே சுமந்திருந்தான். பேருந்து புறப்பட்ட பின்னரும் எம்மால் நெடுநேரம் வேறொன்றையும் எண்ண இயலவில்லை. தெரிவு செய்தோரை மாத்திரம் குறைகூறி யாம் தப்புதல் முறையாகாது. தாளை எழுதிய கை எம்முடையது. அவன் கொடுத்ததை எம் கண்கள் கண்டன. எழுத ஒரு நிரல் இல்லை என்பதனால் எழுதாது விட்டோம்.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் கேட்டு, "எண்களே வேண்டா, அறிந்தோர் கண்ணாற் பார்த்துத் தெரிவு செய்க," என்பாரும் உளர். இக்கூற்றை யாம் உடன்படோம். எண்ணை நீக்கிய இடத்தில் வந்து அமர்வது அறிவு மட்டுமன்று. உறவும் செல்வாக்கும் முகத்தாட்சணியமும் அங்கே வந்து அமரும். ஏழைப் பிள்ளைக்குப் புள்ளித்தாள் ஒரு கவசம். "இவன் இத்தனை இட்டான்" என எழுதப்பட்டிருப்பின், அதனை அழித்து வேறொருவர் மகனின் பெயரை எழுதுதல் எளிதன்று. அற்றில்ஸின் எட்டுக்கு எட்டை இன்று நாம் அறிவதும் தாளினாலேயே. ஆகவே, தாளைக் கிழித்தல் தீர்வாகாது. தாளை அகலப்படுத்துதலே தீர்வு. தொழில்முறைச் சங்கத்தாரும் அதனையே செய்தனர். 1973–74இலே தடுத்தலையும் பறித்தலையும் எண்ணத் தொடங்கினர். பின்னர், ஒருவர் களத்தில் நிற்கும் நேரத்தில் அவரது அணி எதிரணியை எத்தனை புள்ளியால் விஞ்சியது அல்லது பின்னின்றது என்னும் கணக்கையும் சேர்த்தனர். அண்மைய ஆண்டுகளிலே, தரையில் உருளும் பந்தைப் பாய்ந்து எடுத்தவை, எதிராளியின் வழியை மறித்துத் துணைவர்க்கு இடம் உண்டாக்கியவை என்பனவும் எண்ணப்படுகின்றன. கோடி கோடியாகப் பணம் ஈட்டும் தொழிலாளரே இதனைச் செய்வாராயின், பிள்ளைகளின் மனத்தைப் பயிர் செய்யும் நாம் செய்யாதிருத்தல் தகுமோ?

இலக்கணம் கற்பிப்போர்க்கு இவ்வுண்மை புதிதன்று. 'வந்தான்' என்னும் ஒரு சொல்லை எழுதி, இதன் எழுவாய் யாது என மாணாக்கரை வினவுகின்றோம். வாக்கியத்தில் அச்சொல் இல்லை. ஆயினும் 'அவன்' என்பது மறைந்து நிற்கின்றது. அஃதின்றி வினை முடிவு பெறாது. அதனைத் தோன்றா எழுவாய் என்கின்றோம். தோன்றவில்லை என்பதனால் அஃது இல்லை என்று கூறும் மாணவனுக்கு நாம் மதிப்பெண் வழங்குவதில்லை. புள்ளித்தாளிலும் தோன்றா எழுவாய்கள் பல உள. மற்றொன்றும் காண்க. தமிழிலே புள்ளி பெற்ற எழுத்து மெய்யெழுத்து. புள்ளி பெற்றுவிட்ட காரணத்தால் அது தனித்து இயங்குவதில்லை. உயிரொடு கூடியே இயங்கும். மைதானத்திலும் புள்ளி பெற்றவர் நிலை இதுவேயாம்.

மாத்தளையார்க்கு எழுதிவைத்தலின் அருமையைப் பிறர் வந்து உணர்த்த வேண்டியதில்லை. நம் நகருக்கு வடக்கே சில கிலோமீற்றர் தொலைவில் அலுவிகாரை உள்ளது. கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் அங்கேதான் ஏட்டில் எழுதப்பட்டது என்பது வரலாறு. போரும் பஞ்சமும் வந்து ஓதுவோர் மாண்டால் ஓதப்படுவதும் மாயும் என அஞ்சியே பிக்குகள் எழுத முற்பட்டனர். மனிதர் நெஞ்சில் மட்டும் வாழ்வது மனிதரோடு மறையும். அந்த 11 கொடுப்புகளும் அப்பிள்ளை ஒருவனின் நெஞ்சிலேயே இருந்தன.

ஆதலின், விழாக் கொண்டாடும் இவ்வேளையிலே, பழைய மாணவர் சங்கத்தாருக்கும் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்களுக்கும் சில விண்ணப்பங்கள் செய்கின்றோம். நம் கல்லூரியின் அணிகள் ஆடும் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எழுதப்படும் தாளிலே புள்ளி நிரலோடு நான்கு நிரல்கள் சேர்க்கப்படுக: கொடுத்தவை, மீட்டவை, தடுத்தவை, இழந்தவை. இறுதி நிரலை விலக்கற்க. புகழை மட்டும் எண்ணும் தாளும் அரைத்தாளே. இவற்றை எழுத மாணாக்கர் இருவரைப் பழக்குக. ஆடும் வாய்ப்புப் பெறாத பிள்ளைக்கு ஆட்டத்தில் அஃதொரு பங்காகும். கூர்ந்து நோக்கும் பயிற்சியும் ஆகும். காலைக் கூட்டத்திலே வெற்றிச் செய்தி அறிவிக்கப்படும்போது, மிகுதியான புள்ளி பெற்றவர் பெயரோடு, மிகுதியாகக் கொடுத்தவர் பெயரும் தடுத்தவர் பெயரும் வாசிக்கப்படுக. அப்பெயர்களை வாசிப்பதற்குக் கூடுதலாக வேண்டுவது அரை நிமிடம். தாள்களை ஆண்டுதோறும் கட்டி நூலகத்தில் வைக்குக. பழைய மாணவர்களே, உங்கள் பெட்டிகளின் அடியிலே பழைய புள்ளியேடுகள் கிடப்பின், கறையான் அரிக்குமுன் கொணர்ந்து தருவீராக.

இவ்வேளையிலே எம் சொந்தத் துறையையும் நோக்குதல் நேர்மை. பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் நாளிலே நாம் அனைவரும் முதல் வரியையே வாசிக்கின்றோம். மூன்று பாடத்திலும் அதிசிறப்புப் பெற்ற மாணவியின் படத்தைப் பதாகையில் அச்சிட்டுத் தெருவிலே தூக்குகின்றோம், தக்கதே. ஆயின், அவளுக்கு மாலைதோறும் கணிதம் சொல்லிக்கொடுத்துத் தான் ஒரு பாடத்தில் தவறிய தோழி ஒருத்தி அதே வகுப்பில் இருத்தல் கூடும். அவளுக்கு நிரல் இல்லை. அவளை நாம் அறிந்திருத்தலாவது வேண்டும்.

ஈற்றில் ஒன்று. இவ்விழா மலரும் ஒரு புள்ளித்தாளே அன்றோ? இதன் பக்கங்களிலே அதிபர்களின் படங்கள் உள. அணித்தலைவர்களின் பெயர்கள் உள. பரிசு பெற்றோர் பட்டியல் உள்ளது. அவர்கள் யாவரும் அவற்றுக்கு உரியோரே. மணியடித்தவர், மைதானத்துப் புல்லை வெட்டியவர், போட்டிநாளில் தேநீர் கொதிக்கவைத்தவர், தலைவன் பெயர் பெறும்படி பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றவன் ஆகியோருக்கு இப்பட்டியல்களில் நிரல் இல்லை. இம்மலரை விரிக்கும் ஒவ்வொருவரும், தம் காலத்தில் தமக்குப் பந்து கொடுத்தவர் ஒருவரின் பெயரை இதன் ஓரத்து வெற்றிடத்திலே தம் கையால் எழுதிவைப்பாராக. எமது படியின் ஓரத்திலே யாம் ஒரு பெயரை எழுதிவிட்டோம். அதன் நேரே 11 என்னும் எண்ணையும் இட்டுள்ளோம்.

நம் கல்லூரி நீடு வாழ்க! அதன் தோன்றா எழுவாய்களும் வாழ்க!